ஹைப்பாத்திகேஷன்: ஐந்து அசைகளில் ஒரு கடன் கதை

வங்கியியல் பாடம் படித்தவர்கள் எல்லோருக்கும் இந்த வார்த்தை பழக்கம். ‘பிளெட்ஜ், மார்ட்கேஜ், ஹைப்பாத்திகேஷன், வேறுபடுத்துக’ என்று கேள்வி வரும். கட்டம் போட்டு மூன்று பத்தியாகப் பிரித்து எழுதினால் மார்க் நிச்சயம். ஆனால் அதே வார்த்தையை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால்தான் வேடிக்கை. ஒருவர் ‘ஹைப்போ... தெக்கேஷன்’ என்று நடுவில் மூச்சு வாங்குவார். இன்னொருவர் ‘ஹைப்பதிகேஷன்’ என்று ஓட்டமாக ஓடிவிடுவார். மூன்றாமவர் ‘அதாங்க, அந்த ஹைப்போ’ என்று தப்பித்துக்கொள்வார்.

சரி, முதலில் வார்த்தையைப் பிரித்துவிடுவோம். ஆங்கிலத்தில் பதின்மூன்று எழுத்து, ஐந்து அசை. (அசை என்றதும் நேரசை, நிரையசை என்று யாப்பிலக்கணத்துக்குப் போய்விட வேண்டாம். இங்கே சொல்வது ஆங்கிலத்தின் சிலபிள்.) ஹை – பாத் – இ – கே – ஷன். அகராதிகள் பிரிக்கும் இடங்கள் இவைதான். இரண்டாவது அசையில் வரும் ‘த்’, ‘திங்க்’, ‘தியரி’ போன்ற வார்த்தைகளில் நாக்கு நுனி பல்லைத் தொட்டுக் காற்றை விடுமே, அந்த ஒலி. முழு அழுத்தம் நான்காவது அசையான ‘கே’ மீது விழும். அதைவிடக் கொஞ்சம் குறைந்த அழுத்தம் இரண்டாவது அசையான ‘பாத்’ மீது. மற்ற மூன்றும் லேசாகக் கடந்துபோகும்.

வினைச்சொல்லாக இருக்கும்போது கதை வேறு. ‘ஹைப்பாத்திகேட்’ என்று சொல்லும்போது முழு அழுத்தமும் ‘பாத்’ மீதுதான். வால் ஒட்டிப் பெயர்ச்சொல் ஆனதும் அழுத்தம் இரண்டு இடம் தள்ளிப் போய்விடுகிறது. ‘ஷன்’ என்று முடியும் ஆங்கில வார்த்தைகளில் அதற்கு முந்தைய அசைதான் ராஜா. எஜுகேட், எஜுகேஷன், ஆபரேட், ஆபரேஷன் எல்லாம் இதே கணக்கு. இந்த ஒரு விதி தெரிந்தால் பாதி ஆங்கில சட்டப் புத்தகத்தைத் தடுக்காமல் படித்துவிடலாம். தமிழில் இப்படி ஒரு அசையைத் தூக்கி மற்றதை விழுங்கும் பழக்கம் இல்லை. அதனால்தான் நம் வாயில் ஐந்து அசையும் சம உரிமையோடு வெளியே வருகின்றன.

இப்போது பொருளின்படி பிரிக்கலாம். இங்கே வெட்டும் இடங்கள் வேறு. ஹைப்போ என்றால் கிரேக்கத்தில் ‘கீழே’. தோலுக்குக் கீழே குத்துகிற ஊசியை ஹைப்போடெர்மிக் என்கிறார்களே, அந்த ஹைப்போ. அடுத்த துண்டு ‘தெக்’. ‘வைப்பது’ என்ற பொருள் கொண்ட ‘திதேனாய்’ என்ற கிரேக்க வினையின் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்தால் ‘ஹைப்போதேக்கே’, அதாவது கீழே வைக்கப்பட்டது. அதற்குப் பின்னால் வருகிற ‘ஏட்’, ‘இயன்’ இரண்டும் லத்தீன்காரர்கள் ஒட்டிய வால்கள். உச்சரிப்பு ‘ஹை’யிலேயே வெட்டிவிடுகிறது. பொருளோ ‘ஹைப்போ’ முடிகிற வரை காத்திருக்கிறது. ‘ஹைப்போ – தெக்கேஷன்’ என்று மூச்சு வாங்குபவர் உச்சரிப்பில் தப்பு, ஆனால் சொல்லிலக்கணத்தில் சரி!

இந்த ‘வைப்பது’ குடும்பம் மிகப் பெரியது. தீசிஸ், ஹைப்பாத்திசிஸ், தீம் எல்லாம் இதன் பங்காளிகள். ‘தள்ளி வைக்கும் இடம்’, அதாவது சேமிப்புக் கிடங்கு என்ற பொருளில் கிரேக்கர்கள் ‘அப்போதேக்கே’ என்றார்கள். அது ஜெர்மனியில் மருந்துக்கடை ஆயிற்று, ஸ்பெயினில் ‘பொதேகா’ ஆயிற்று, பிரான்ஸில் தேய்ந்து தேய்ந்து ‘பூட்டிக்’ ஆயிற்று. ஆம், விலை உயர்ந்த துணி விற்கும் அதே பூட்டிக்தான். நம் பக்கத்திலும் ஒரு கிளை உண்டு. கிரேக்க ‘திதேனாய்’க்கு இணையான சமஸ்கிருத வேர் ‘தா’. அதிலிருந்து வந்ததுதான் ‘நிதி’, கீழே வைத்துச் சேர்த்தது. அதே வேரிலிருந்து வந்த இன்னொரு சொல் ‘ஆதி’. முதல் என்று பொருள்படும் ஆதி இல்லை இது. தர்மசாஸ்திரங்களில் அடகுக்குப் பெயர். யாக்ஞவல்கிய ஸ்மிருதி அடகை இரண்டாகப் பிரிக்கிறது. கோப்யம் என்பது கடன் கொடுத்தவர் பத்திரமாக வைத்திருக்க மட்டும் வேண்டியது. போக்யம் என்பது அவர் அனுபவிக்கலாம். பத்திரமாக வைக்க வேண்டியதை எடுத்துப் பயன்படுத்திவிட்டால் அவருக்கு வட்டி கிடையாது என்றும் சட்டம் போட்டிருக்கிறது. அந்தப் போக்யம்தான் ‘வீட்டைப் போக்கியத்துக்கு விட்டிருக்கிறார்’ என்று இன்றும் தமிழ்நாட்டில் சொல்கிறோமே, அது.

ஆக, உலகம் முழுக்கக் கடன்காரர்கள் எதையோ ‘வைத்து’த்தான் பணம் வாங்கியிருக்கிறார்கள். யாரிடம் வைப்பது என்பதில்தான் வம்பு. நகையை அடகு வைத்தால் நகை கடைக்காரர் பெட்டிக்குள் போய்விடும். நகைக்கு அது பரவாயில்லை. ஏரையும் மாட்டையும் அப்படி வைக்க முடியுமா? மாட்டைக் கொடுத்துவிட்டால் உழுவது எப்படி, உழாமல் கடனை அடைப்பது எப்படி? ஹைப்பாத்திகேஷன் இந்தக் கேள்விக்குத்தான் பதில். பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும், கடன்பட்டவர் கையிலேயே இருக்கும், அவரே பயன்படுத்துவார். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் கடனுக்கு அடியில் அது வைக்கப்பட்டிருக்கும். அருமையான யோசனை. சிக்கலும் அந்தக் ‘கண்ணுக்குத் தெரியாமல்’ என்ற இடத்திலேயே இருக்கிறது. ஒரு மாட்டைப் பார்த்து, இதன் மீது கடன் இருக்கிறதா இல்லையா என்று வாங்க வருகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஏதென்ஸ்காரர்கள் இதற்கு ஒரு எளிய வழி வைத்திருந்தார்கள். கல் நட்டார்கள். கி.மு. நான்காம் நூற்றாண்டு முதல் அங்கே கடனுக்கு ஈடாக வைத்த நிலத்திலும் வீட்டிலும் ‘ஹோராய்’ எனப்படும் கற்கள் நிறுத்தப்பட்டன. யாருக்குக் கடன், எவ்வளவு என்று பல கற்களில் செதுக்கியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட கற்கள் இருநூறுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. (அவற்றில் பெரும்பாலானவை ‘மீட்கும் உரிமையோடு விற்றது’ என்ற வேறு வாசகத்தையே சொல்கின்றன. ‘ஹைப்போதேக்கே’ வகைக் கற்கள் குறைவுதான்.) இதற்கெல்லாம் முன்பே, கி.மு. 594-ல் ஆட்சிப் பொறுப்புக்கு வந்த சோலோன், ஏழைகளின் கடன் சுமையை நீக்கியதைப் பற்றிப் பேசும்போது மண்ணில் ஊன்றியிருந்த கற்களைப் பிடுங்கியதாகத் தன் கவிதையில் சொல்லிக்கொள்கிறார். அவை கடன் கற்களா, வெறும் எல்லைக் கற்களா என்று அறிஞர்களுக்குள் இன்றுவரை சண்டை. எதுவாக இருந்தாலும், வீட்டு வாசலில் ‘இவன் கடன்காரன்’ என்று கல்லில் எழுதி வைத்துக்கொண்டு வாழ்வது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரோமானியர்கள் மூன்று படிகளில் இந்த இடத்துக்கு வந்தார்கள். முதலாவது ஃபிடூசியா. கடன் வாங்குபவர் சொத்தின் உரிமையையே கொடுத்துவிடுவார், கடன் தீர்ந்ததும் திருப்பி எழுதித் தருவார்கள் என்று நம்பிக்கை. இரண்டாவது பிக்னஸ். உரிமை இவரிடம், பொருள் அவரிடம். நம் அடகுக்கடை மாதிரி. மூன்றாவதில் உரிமையும் பொருளும் கடன்பட்டவரிடமே தங்கின. இந்த மூன்றாவதற்குக் கிரேக்கப் பெயரையே எடுத்து ஹைப்போதேக்கா என்று வைத்தார்கள்.

இந்த மூன்றாவது படிக்கு வழி போட்டது பண்ணைகள்தான். கி.மு. 149-ல் இறந்துபோன கேட்டோ எழுதிய விவசாயப் புத்தகத்தில் ஒப்பந்த மாதிரிகள் இருக்கின்றன. ஆலிவ் விளைச்சலை மரத்திலேயே விலை பேசி வாங்குபவர் பண்ணைக்குள் கொண்டுவரும் பொருள் எல்லாம், பணத்தைக் கட்டி முடிக்கும் வரை ஈடாக நிற்கும் என்கிறார். நடுவில் எதையாவது வெளியே கொண்டுபோனால் அது பண்ணைக்காரருக்கே சொந்தம். மனிதர் கறார். பிறகு குத்தகை விவசாயி கொண்டுவரும் மாடு, கருவிகள், அடிமைகள் மீது நிலச்சொந்தக்காரருக்கு இதே மாதிரி உரிமை வந்தது. அதை நீதிமன்றத்தில் நிலைநாட்ட ‘சால்வியன்’, ‘செர்வியன்’ என்று வழக்கு முறைகள் பிறந்தன. இரண்டாவதுதான் முக்கியமான திருப்பம். குத்தகைக்காரர் மாட்டை வேறு யாருக்கோ விற்றுவிட்டாலும் நிலச்சொந்தக்காரர் அந்த மூன்றாம் மனிதரிடம் போய் மாட்டைப் பிடித்து வரலாம். காலப்போக்கில் இந்த வசதி எல்லாக் கடன்காரர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. பிக்னஸுக்கும் ஹைப்போதேக்காவுக்கும் பெயரின் ஒலியைத் தவிர வித்தியாசமே இல்லை என்று மார்சியன் என்ற சட்ட வல்லுநர் சொல்லுமளவுக்கு இரண்டும் கலந்துவிட்டன. கி.பி. 533-ல் ஜஸ்டினியன் வெளியிட்ட பாடநூல்தான் மறுபடி கோடு கிழித்தது. பொருளைக் கையில் கொடுத்தால் பிக்னஸ், வெறும் ஒப்பந்தத்தால் வந்தால் ஹைப்போதேக்கா. இன்றைக்கு பரீட்சையில் எழுதுகிற ‘வேறுபடுத்துக’ பதிலின் முதல் பாயிண்ட் அதேதான்.

ஆனால் ரோமில் கல் நடும் பழக்கமும் இல்லை, பதிவு அலுவலகமும் இல்லை. ஒரே பொருளை நாலு பேரிடம் ஈடு காட்டலாம். முதலில் கொடுத்தவருக்கே முதல் உரிமை என்று சட்டம் இருந்தது. ஆனால் யார் முதல் என்று யாருக்குத் தெரியும்? பழைய தேதி போட்டு ஒரு பத்திரம் தயாரித்தால் போயிற்று. இதைத் தடுக்க கி.பி. 472-ல் பேரரசர் லியோ, அரசு அதிகாரி முன்போ மூன்று சாட்சிகள் முன்போ எழுதிய பத்திரத்துக்கே முன்னுரிமை என்று உத்தரவு போட்டார். முன்பே ஈட்டில் இருப்பதை மறைத்து மறுபடி ஈடு வைப்பது ஒரு தனிக் குற்றம். அதற்குப் பெயர் ஸ்டெல்லியோனாட்டஸ். ஸ்டெல்லியோ என்றால் புள்ளி போட்ட ஒரு வகைப் பல்லி. தந்திரக்காரர்களுக்கு ரோமில் அதுதான் பட்டப்பெயர். பல்லித்தனம் என்று ஒரு குற்றம் சட்டப் புத்தகத்திலேயே இருந்திருக்கிறது!

இங்கிலாந்துக்கு வந்தால் காட்சியே மாறுகிறது. அங்கே பொதுச் சட்ட நீதிபதிகளுக்கு இந்த யோசனையே பிடிக்கவில்லை. பொருள் உன் கையில் இருந்தால் அது உன்னுடையது என்று ஊர் நம்பும். நம்பிக் கடன் கொடுக்கும். பிறகு எங்கிருந்தோ ஒருவர் வந்து ‘இது எனக்கு எழுதிக் கொடுத்தது’ என்றால் அது மோசடி. 1601-ல் முடிவான ட்வைன் வழக்கு இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த பியர்ஸ் என்பவர் ட்வைனுக்கு 400 பவுண்டு, இன்னொருவருக்கு 200 பவுண்டு தர வேண்டும். அந்த இன்னொருவர் வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே பியர்ஸ் தன்னிடமிருந்த 300 பவுண்டு பெறுமான பொருள்கள் எல்லாவற்றையும் கமுக்கமாக ட்வைன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் பொருள்கள் இடம் மாறவில்லை. பியர்ஸ் அவற்றில் சிலதை விற்றார். ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்தார். அதோடு விட்டாரா, ஆடுகள் மீது தன் சொந்த அடையாளத்தையே குத்தினார். ஷெரிஃபின் ஆட்கள் ஜப்திக்கு வந்தபோது ட்வைன் தரப்பு ‘இவை எங்கள் ஆடுகள்’ என்று மறித்தது. அட்டர்னி ஜெனரலாக இருந்த எட்வர்ட் கோக் வழக்கை ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். 1571-ம் ஆண்டின் மோசடி மாற்றல் சட்டப்படி அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. மோசடிக்கு நீதிமன்றம் அடுக்கிய அடையாளங்களில் ஒன்று, எழுதிக் கொடுத்தவரே தொடர்ந்து அனுபவித்தார் என்பது. கடன்பட்டவர் கையிலேயே பொருள் இருப்பதுதான் ஹைப்பாத்திகேஷனின் உயிர். இங்கிலாந்தில் அதுவே திருட்டுக்கு அடையாளம்!

பிறகு இந்த வார்த்தை ஆங்கிலத்துக்குள் எப்படி வந்தது? பெரும்பாலும் கடல் வழியாக. கப்பல் வழக்குகளை விசாரித்த அட்மிரால்டி நீதிமன்றத்தில் வாதாடியவர்கள் ரோமானியச் சட்டம் படித்தவர்கள். கடலில் இந்த யோசனை இல்லாமல் முடியாது. கப்பல் புயலில் அடிபட்டு ஏதோ ஒரு அந்நியத் துறைமுகத்தில் ஒதுங்குகிறது. பாய்மரம் உடைந்திருக்கிறது. முதலாளி ஆயிரம் மைலுக்கு அப்பால். தந்தி கிடையாது. கையில் காசு இல்லை. கேப்டன் என்ன செய்வார்? கப்பலையே ஈடு காட்டிக் கடன் வாங்குவார். கப்பலைக் கொடுத்துவிட்டால் பயணம் போக முடியாது, எனவே அது அவரிடமே இருக்கும். இதற்கு ‘பாட்டம்ரி’ என்று பெயர். கப்பலின் அடிப்பாகத்தை வைத்து வாங்கிய கடன் என்று பொருள். கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் வட்டியோடு பணம். மூழ்கினால் கடனும் மூழ்கியது. அதனால் சட்டம் அனுமதித்த வட்டி உச்சவரம்பு இந்தக் கடனுக்குப் பொருந்தாது.

ஒரே பயணத்தில் இரண்டு முறை இப்படிக் கடன் வாங்கினால் கடைசியாகக் கொடுத்தவருக்கே முதல் உரிமை. ரோமானிய விதிக்கு நேர் எதிர். காரணம் அழகானது. கடைசிக் கடன் இல்லாவிட்டால் கப்பலே கரை சேர்ந்திருக்காது, முன்னால் கொடுத்தவருக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது. 1801-ல் ‘கிராட்டிட்யூடினே’ என்ற கப்பல் வழக்கில் சர் வில்லியம் ஸ்காட் இன்னும் ஒரு படி போனார். ஆபத்துக் காலத்தில் கேப்டன், வேறொருவருக்குச் சொந்தமான சரக்கையும் சேர்த்து ஹைப்பாத்திகேட் செய்யலாம் என்றார். நிலத்தில் சந்தேகத்துக்குரிய ஒரு காரியம் கடலில் கேப்டனின் கடமையாகிவிட்டது.

இங்கிலாந்துக்கு வடக்கே ஸ்காட்லாந்தில் ரோமானியச் சட்டத்தின் செல்வாக்கு நேரடியாகவே இருந்தது. அங்கே ‘ஹைப்பாத்தெக்’ என்ற வார்த்தை பண்ணையாளர்கள் வெறுத்த வார்த்தை. வாடகை பாக்கிக்காக நிலப்பிரபு, குத்தகைக்காரரின் பயிர் மீதும் கால்நடை மீதும் உரிமை கொண்டாடலாம். அந்தத் தானியத்தைக் காசு கொடுத்து வாங்கிய வியாபாரிக்கும் நிம்மதி இல்லை, நிலப்பிரபு அவர் கதவையும் தட்டலாம். எதிர்ப்புக்குப் பிறகு 1867-ல் சட்டம் திருத்தப்பட்டது. 1880-ல் இரண்டு ஏக்கருக்கு மேற்பட்ட விவசாய நிலங்களில் இந்த உரிமையே ஒழிக்கப்பட்டது. ‘ஹோல் ஹைப்பாத்தெக்’ என்று ஸ்காட்லாந்துப் பேச்சு வழக்கில் ஒரு தொடர் உண்டு. மொத்தமும், சகலமும் என்று பொருள். வாரிக்கொண்டு போனவர்களைப் பார்த்தவர்கள் வாயில் வேறென்ன பொருள் வரும்?

நீராவி இயந்திரம் வந்தபிறகு இங்கிலாந்து பொதுச் சட்டத்தாலும் பிடிவாதம் பிடிக்க முடியவில்லை. ஆலை முதலாளியிடம் கடனுக்குக் காட்ட இருப்பது இயந்திரம். அதைக் கழற்றிக் கடன் கொடுத்தவர் வீட்டில் வைக்க முடியாது. 1854-ல் பில்ஸ் ஆஃப் சேல் சட்டம் வந்தது. பொருள் கடன்பட்டவரிடமே இருக்கலாம், ஆனால் பத்திரத்தை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். 1862-ல் ஹால்ராய்ட் – மார்ஷல் வழக்கில் பிரபுக்கள் சபை, இனிமேல் ஆலைக்கு வரப்போகும் இயந்திரமும் பழைய கடனுக்கு அடியில் வரும் என்று ஏற்றுக்கொண்டது. ஏதென்ஸ்காரர்கள் கல்லில் எழுதியதை லண்டன்காரர்கள் பேரேட்டில் எழுதினார்கள், அவ்வளவுதான். நடுவில் இரண்டாயிரம் வருடம் ஓடிவிட்டது.

லண்டனை விட்டுக் கிளம்பும் முன் இந்த வார்த்தையின் முன்னால் ‘ரீ’ சேர்ந்த கதையையும் பார்த்துவிடலாம். ரீஹைப்பாத்திகேஷன். ஆறு அசை, அழுத்தம் அதே ‘கே’ மீது. பங்குச் சந்தையில் கடன் வாங்கும் முதலீட்டு நிறுவனம் தன் பங்குகளைத் தரகு வங்கியிடம் ஈடாக வைக்கிறது. அந்த வங்கி அதே பங்குகளை எடுத்துத் தன் கடனுக்கு இன்னொருவரிடம் ஈடாக வைக்கிறது. ரோமில் இதை மறைத்துச் செய்தால் பல்லித்தனம். நவீன ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு செய்தால் தொழில். அமெரிக்காவில் வாடிக்கையாளரின் கடன் பாக்கியில் 140 சதவீத மதிப்புக்கு மேல் இப்படிச் செய்யக்கூடாது என்று வரம்பு உண்டு. பிரிட்டனில் அப்படி வரம்பு இல்லை.

2008 செப்டம்பர் 15 அன்று லேமேன் பிரதர்ஸின் லண்டன் நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போனபோது, பல முதலீட்டு நிறுவனங்களுக்குத் தங்கள் பங்குகள் யார் கையில் இருக்கின்றன என்றே தெரியவில்லை. ஒலிவன்ட் என்ற நிறுவனம் சுவிட்சர்லாந்தின் யூபிஎஸ் வங்கியில் இரண்டே முக்கால் சதவீதத்துக்கும் சற்று அதிகமான பங்கு வைத்திருந்தது. அந்தப் பங்குகள் லேமேன் மூலம் வைக்கப்பட்டிருந்ததால், அடுத்த மாதம் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் அதனால் வாக்களிக்க முடியாமல் போயிற்று. கீழே வைத்தது, அதற்கும் கீழே, அதற்கும் கீழே என்று போனால் தரை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வருடக்கணக்கில் ஆகும். லேமேன் விஷயத்தில் அப்படித்தான் ஆயிற்று.

இந்தியாவுக்கு இந்த வார்த்தை ஆங்கிலேயர்களின் சட்டத்தோடும் வங்கிகளோடும் வந்தது. ஆனால் 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் புரட்டினால் 172-ம் பிரிவில் பிளெட்ஜ்தான் இருக்கும், ஹைப்பாத்திகேஷனுக்கு விளக்கம் இருக்காது. வங்கிகள் தங்கள் ஒப்பந்தப் பத்திரத்தின் பலத்தில்தான் அதை நடத்தின. கிடங்கில் சரக்கை பிளெட்ஜ் செய்தால் கதவில் வங்கியின் பூட்டு தொங்கும். மூட்டை எடுக்க வேண்டுமென்றால் சாவியோடு வங்கி ஆள் வர வேண்டும். ஹைப்பாத்திகேஷன் என்றால் சாவி வியாபாரியிடமே. மாதாமாதம் இருப்புப் பட்டியல் அனுப்ப வேண்டும். ‘இங்குள்ள சரக்குகள் இன்ன வங்கிக்கு ஹைப்பாத்திகேட் செய்யப்பட்டவை’ என்று வாசலில் பலகை மாட்ட வேண்டும். தொழிற்பேட்டைப் பக்கம் போனால் இந்தப் பலகைகளைப் பார்க்கலாம். கல்லுக்குப் பதில் தகரம்.

கம்பெனிகள் சட்டம் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. 1956-ம் ஆண்டுச் சட்டத்தின் 125-ம் பிரிவு, கம்பெனியின் அசையும் சொத்து மீதான பொறுப்பைப் பதிவாளரிடம் பதிவு செய்யச் சொன்னது. ஆனால் பிளெட்ஜுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. ஏன் என்று பல வருடம் மனப்பாடம் செய்தவர்களுக்கும் தோன்றியிருக்காது. பிளெட்ஜ் ஆன பொருள் கடன் கொடுத்தவர் கையில் இருக்கிறது, ஊருக்கே தெரிகிறது, அதற்குப் பேரேடு எதற்கு? ஹைப்பாத்திகேஷனோ கண்ணுக்குத் தெரியாது. சட்டம் போட்டவர்கள் ட்வைனின் ஆடுகளை மறக்கவில்லை போலிருக்கிறது. கடைசியில் 2002-ம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம்தான் ஹைப்பாத்திகேஷனுக்கு ஒரு விளக்கம் கொடுத்தது. அதன்படி, கையில் ஒப்படைக்காமல், இப்போது இருக்கிற அல்லது இனி வரப்போகிற அசையும் சொத்தின் மீது கடனுக்காக ஏற்படுத்தும் பொறுப்பு அது. ‘இனி வரப்போகிற’ என்பதில் 1862-ன் ஆலை இயந்திரம் எட்டிப் பார்க்கிறது.

பெரும்பாலானோர் வாழ்க்கையில் இந்த வார்த்தை வந்து சேர்வது பைக் வாங்கும்போதுதான். 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 51-ம் பிரிவுப்படி, கடனில் வாங்கிய வண்டியின் ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயர் பதிவாகும். அவர் எழுத்து மூலம் சம்மதிக்காமல் வண்டியை வேறு பெயருக்கு மாற்ற முடியாது. இதைத் தமிழ்நாட்டில் எல்லோரும் ‘எச்.பி.’ என்றே சொல்கிறார்கள். உண்மையில் அது ஹயர் பர்ச்சேஸின் சுருக்கம். அந்த முறையில் கடைசித் தவணை வரை வண்டி ஃபைனான்ஸ்காரருக்குச் சொந்தம், ஓட்டுகிறவர் வாடகைக்காரர் மாதிரி. ஹைப்பாத்திகேஷனில் முதல் நாளிலிருந்தே வண்டி உங்களுடையது, கடன் மட்டும் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. தவணை தவறும்போது இந்த வித்தியாசம் பெரியது. பேச்சில் மட்டும் இரண்டுக்கும் ஒரே பெயர்.

கடைசித் தவணை கட்டியதும் வேலை முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஆர்.சி.யில் இருக்கும் அந்த வரி தானாக அழியாது. வங்கியிடம் தடையில்லாச் சான்று வாங்கி, இருவரும் கையெழுத்திட்ட படிவம் 35-ஐ ஆர்.டி.ஓ.வுக்குக் கொடுத்தால்தான் ‘எச்.பி. கேன்சல்’ ஆகும். கடன் முடிந்து எட்டு வருடம் கழித்து வண்டியை விற்கப்போகும்போது, அதற்குள் அந்த ஃபைனான்ஸ் கம்பெனி கடையை மூடிவிட்டுப் போயிருந்தால், கையெழுத்துப் போட ஆள் தேடி அலைய வேண்டியதுதான். பழைய வண்டி வாங்குகிறவர் எஞ்சின் சத்தம் கேட்கும் முன் ஆர்.சி.யில் அந்த ஒரு வரியைப் பார்த்துவிடுவது நல்லது.